எங்கள் பக்கம் ஆறு கிடையாது

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "உங்க ஊரப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்க" என்று சொன்னால் என்ன வரும் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். "எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் அழகிய சிற்றூர் ஆகும். ஊரின் நடுவே சலசலவென ஆறு ஓடுகிறது. எங்கு நோக்கினும் பச்சைப் பட்டு விரித்தாற்போல் வயல்கள்." எழுதுகிற பிள்ளைக்குக் கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே ஆறு கிடையாது. நெல் வயலும் கண்மாய் பெருகின வருஷம் கொஞ்சம் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. மானாவாரிக் கரிசல், உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், பருத்தி. சித்திரை வெயிலில் நிலம் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், ஐப்பசி மழையில் ஓர் அடி எடுத்து வைத்தால் செருப்போடு அரைக் கிலோ மண் கூடவே வரும். இதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தினமும் அதில் நடந்துதான் பஸ் ஏற வருகிறாள். ஆனால் பேனாவைத் திறந்ததும் ஆறு ஓட ஆரம்பித்துவிடுகிறது.

சில வருஷங்களாகச் சனிக்கிழமை மதியங்களில் எட்டாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை எழுதிப் பழகுகிறோம். வகுப்பு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, பலகைகூடக் கிடையாது. "நானும் எங்க பள்ளியில இப்படி ஒண்ணு ஆரம்பிக்கணும், எங்கேருந்து தொடங்கறது?" என்று தமிழாசிரியர்கள் சிலர் கேட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இந்த நீளமான பதிவு.

முதலில் ஒன்று. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கற்பனை வளம் போய்விட்டது, போன் வந்து கெடுத்துவிட்டது என்று பெரியவர்கள் புலம்புவதை நான் ஏற்கவில்லை. ஆறே இல்லாத ஊரில் ஆறு ஓட விடுகிற பிள்ளைக்குக் கற்பனையில் என்ன குறை? கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் நோட்டில் எழுதலாம் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அதை ஆயிரம் விதமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் முதல் சில மாதம் என்னுடைய வேலை. கதையின் இலக்கணம், திருப்பம், உத்தி எல்லாம் அப்புறம்.

அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கட்டுரை நோட்டிலிருந்து வந்தது. குறிப்புச்சட்டகம் போட வேண்டும், முன்னுரை எழுத வேண்டும், உட்தலைப்புகளுக்கு அடிக்கோடு போட வேண்டும், நடுவில் ஒரு குறளோ பாரதியின் இரண்டு வரியோ மேற்கோளாக நிற்க வேண்டும், முடிவுரையில் "செய்வோம், காப்போம், உயர்வோம்" என்று சபதம் எடுக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" என்று ஒரு கேள்வி இருக்கிறது, ஒரு படத்தைக் கொடுத்து அதைப் பற்றிச் சொந்தமாக எழுதச் சொல்லும் கேள்வி. நல்ல கேள்விதான், யோசித்து வைத்தவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் அதற்கும் நோட்ஸில் தயார்க் கவிதை வந்துவிட்டது. மரம் வந்தால் இது, உழவர் வந்தால் இது, தாயும் குழந்தையும் வந்தால் இது என்று பிரித்து மனப்பாடம் செய்து போகிறார்கள், படம் எதுவாக இருந்தாலும் அதில் கொண்டுபோய் ஒட்ட வைக்கிறார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. கட்டு கட்டாகத் தாள் திருத்துகிறவருக்கு அடிக்கோடிட்ட உட்தலைப்பு பெரிய உதவி. தேர்வுக்கான எழுத்து அப்படித்தான் இருக்கும். அது ஒன்றுதான் எழுத்து என்று பிள்ளை நினைத்துக்கொள்வதுதான் பிரச்சினை.

அதனால் நாங்கள் தொடங்குவது ஒரு தடைப் பட்டியலில். அழகிய, இயற்கை எழில், கண்ணைக் கவரும், பசுமையான, மனதை மயக்கும், இனிமையான, அன்பான, சலசல, சிலுசிலு. இவற்றில் ஒன்றும் வரக் கூடாது, ஊரைப் பற்றி அதே ஒரு பக்கம். முதல் கால் மணி நேரம் ஒரே முனகல். "அப்ப என்னதான் சார் எழுதறது?" பிறகு மெதுவாக வர ஆரம்பிக்கும். "கம்மாயில் தண்ணி இல்லாதப்ப பையன்கள் கிரிக்கெட் விளாடுவாங்க. தண்ணி வந்தா ஸ்டெம்பு கம்பு மட்டும் நடுவுல தெரியும்." இதை எழுதியவன் இது ஒரு நல்ல வரி என்றே நினைக்கவில்லை, எழுத ஒன்றும் கிடைக்காததால் எழுதினேன் என்றான். தண்ணீருக்கு நடுவே நிற்கிற அந்த ஸ்டம்பில் அந்த ஊரின் கோடையும் மழையும் இரண்டும் இருக்கின்றன என்று நான் சொன்னபோது என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

அடுத்தது தொல்காப்பியம். பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் முகம் சுருங்கும், பரவாயில்லை. எழுதக் கற்றுக்கொள்ள இணையத்தில் எத்தனையோ குறிப்புகள் கிடைக்கின்றன. ஒரு நிலத்தைப் பாட்டுக்குள் கொண்டுவர என்னென்ன தேவை என்று நம் ஆள் ஒருவர் மிகப் பழங்காலத்திலேயே பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அகத்திணையியலில் கருப்பொருள் சூத்திரம்:

"தெய்வம் உணாவே மாமரம் புட்பறை
செய்தி யாழின் பகுதியொடு தொகைஇ
அவ்வகை பிறவும் கருவென மொழிப."

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். தேர்வுக்கு இதை ஐந்திணைக்கும் அட்டவணையாகப் படித்து, குறிஞ்சிக்கு முருகன், முல்லைக்குத் திருமால் என்று ஒப்பித்துவிட்டு மறந்துபோகிறோம். நான் செய்வது ஒன்றுதான்: அட்டவணையை எடுத்துவிட்டு எட்டுத் தலைப்பை மட்டும் கொடுத்து, உன் தெருவுக்கு இதை நிரப்பு என்பேன்.

இந்தப் பயிற்சி மாதிரி பலன் தருவது வேறு எதுவும் இல்லை. தெய்வம் என்றால் சிலர் ஊர்க் காளியம்மன், சிலர் மாதா கோவில், ஒருவன் துணிந்து ஒரு நடிகர் பெயரையே எழுதினான், அவன் தெருவில் அவருக்குத்தான் பாலாபிஷேகம் நடக்கிறதாம். உணவு என்ற இடத்தில் எல்லோரும் முதலில் கடலை மிட்டாய் எழுதுவார்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்கு அதில் தனிப் பெருமை. சரி, அது ஊருக்கு வெளியே காட்டுகிற உணவு, உங்கள் வீட்டில் நேற்று ராத்திரி என்ன என்று கேட்டால்தான் ரேஷன் அரிசிச் சோறும் பருப்புத் துவையலும் வரும். பறவையில் மயில் வரும். பாடப்புத்தகத்து மயில் தோகை விரித்து ஆடும். எங்கள் பக்கத்து மயில் விதைத்த பயறைக் கிளறித் தின்னும், தாத்தா கம்பை எடுத்துக்கொண்டு துரத்துவார். தொழிலில் தீப்பெட்டி ஆபீஸ் (தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்), வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுவது, மில் வேலை, சிவகாசிப் பக்கம் போகிற வேன். பறை என்ற இடத்தில்தான் நிறைய யோசிப்பார்கள். கோவில் கொட்டு, துட்டி வீட்டு (சாவு வீட்டு) மேளம், தேர்தல் ஆட்டோ மைக் என்று எழுதிக்கொண்டே போய், ஒரு பெண் "ஆபீஸ் சங்கு" என்றாள். காலையில் அந்தச் சங்கு ஊதியதும் அம்மா எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவாள், பாதி பின்னின சடையோடு தான் நிற்பேன் என்று தொடர்ந்து எழுதியும் விட்டாள். கதை அங்கேயே தொடங்கிவிட்டது, நான் ஒன்றும் செய்யவில்லை.

சூத்திரக்காரர் எட்டோடு கதவைச் சாத்தவில்லை, "அவ்வகை பிறவும்" என்று விட்டுவைத்திருக்கிறார். எனவே ஒன்பதாவதாக நீங்களே ஒன்று சேருங்கள் என்பேன். அதிகம் வருவது பஸ். எந்த ஊருக்கு எத்தனை மணி பஸ், எந்த டிரைவர் கை காட்டினால் நிறுத்துவார், எந்த பஸ்ஸில் பாட்டுப் போடுவார்கள் என்பதெல்லாம் இவர்களுக்கு ஒரு தனிச் சாஸ்திரம். தொல்காப்பியர் காலத்தில் நகரப் பேருந்து இருந்திருந்தால் கட்டாயம் சேர்த்திருப்பார்.

இடையில் ஒரு சின்ன விஷயம். இப்போது போனில் கேட்டால் கதை எழுதித் தருகிறது, பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். திட்டுவதில்லை, சத்தமாகப் படிக்கச் சொல்வேன். அதிலும் ஒரு ஆறு ஓடும், ஒரு பாட்டி ஞானம் பேசுவாள், கடைசியில் கதாநாயகன் உண்மையை உணர்ந்துகொள்வான். உடனே மற்ற பிள்ளைகளே "இதில எந்த ஊரு சார்?" என்று கேட்டுவிடுகிறார்கள். அதற்கு மேல் நான் பேச வேண்டியதில்லை.

பொருள்கள் வந்துவிட்டன. அடுத்தது உணர்ச்சி. இங்கேயும் நோட்ஸ் தமிழ் முன்னால் வந்து நிற்கும்: "அவள் மிகுந்த துயரத்தில் ஆழ்ந்தாள்", "அவன் மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினான்." மறுபடி தொல்காப்பியத்துக்குத்தான் போகிறேன். மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சி, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. யாராவது கேவலப்படுத்தினால் வருகிற அழுகை, ஒன்றை இழந்ததால் வருவது, நன்றாக இருந்த நிலை குலைந்ததால் வருவது, இல்லாமையால் வருவது. நான்கும் ஒரே அழுகை கிடையாது. கதையில் ஒருத்தி அழுகிறாள் என்றால் எந்த அழுகை என்று கேட்டால் போதும், பிள்ளை தானாக ஒரு காட்சியைத் தேடப் போய்விடும். அச்சத்துக்கு அணங்கு (வருத்துகிற தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை. தம் இறை என்றால் தனக்கு மேலே அதிகாரத்தில் இருப்பவன், அதாவது அரசன். எங்கள் பிள்ளைகள் சிரிக்காமல் அந்த இடத்தில் ஹெட்மாஸ்டர் என்று எழுதிக்கொள்வார்கள். உரையாசிரியர்கள் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் அதைக் காட்ட முடியுமா என்பதற்கு நான் படிக்கக் கொடுப்பது குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. ஆறே வரி. புதிதாகக் கல்யாணமான பெண் சமைக்கிறாள். கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள், அந்த விரலை உடுத்திய சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள், அதை மாற்றாமல் அப்படியே இருக்கிறாள். தாளிக்கிற புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. தானே துழாவி வைத்த புளிப்புக் குழம்பை "இனிது" என்று சொல்லிக் கணவன் சாப்பிடுகிறான்; அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது. அவ்வளவுதான் பாட்டு. இதைச் சொல்வது அவளை வளர்த்த செவிலி, மகள் எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்கிறாள்.

வீட்டில் வேலைக்கு ஆள் இருக்கச் செல்லமாக வளர்ந்த பெண் என்று பாட்டில் எங்கும் இல்லை. சேலையில் கை துடைத்ததிலிருந்து நாமாகத் தெரிந்துகொள்கிறோம். மகிழ்ச்சி என்ற சொல் கடைசியில் வருகிறதுதான், ஆனால் அதற்குள் தயிரும் புகையும் வந்து அந்த மகிழ்ச்சிக்கு விலை கொடுத்துவிட்டன, அதனால்தான் "நுண்ணிதின்" என்ற ஒரு சொல் அத்தனை தூரம் போகிறது. இதைப் படித்த பிறகு கொடுக்கும் பயிற்சி: உங்கள் வீட்டில் ஒருவர் ஒரு வேலை செய்வதை எழுதுங்கள், அவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று சொல்லாமல். பூண்டு உரிப்பது, சைக்கிள் துடைப்பது, பீடி பற்ற வைப்பது, பெட்டி ஒட்டுவது, எதுவானாலும் சரி. கேட்கிற மற்றவர்கள் மனநிலையை ஊகிக்க வேண்டும். பத்துப் பேர் எழுதினால் மூன்று பேர் அசத்திவிடுவார்கள். ஒருவன் அப்பா கோபமாக இருப்பதை, அவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுவிட்டு மூடியைத் திருகுகிற விதத்தில் காட்டியிருந்தான்.

அடுத்து எப்போதும் வருகிற கேள்வி. "சார், பேசற மாதிரி எழுதலாமா? தப்புன்னு அடிச்சிருவாங்களே?"

இந்தக் கேள்வியைக் கோவில்பட்டியில் ஒரு பிள்ளை கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். இங்கிருந்து திருநெல்வேலி போகிற வழியில் இடைசெவல் என்று ஒரு சின்ன ஊர். பஸ்ஸில் தூங்கிவிட்டால் தெரியாமலே கடந்துவிடுவோம். அந்த ஒரே ஊரில் பிறந்து, சிறு வயதிலிருந்தே நண்பர்களாக இருந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். இருவருக்கும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது, அழகிரிசாமிக்கு அவர் இறந்த பிறகு 1970இல், கி.ரா.வுக்கு 1991இல். இதே கோவில்பட்டி வட்டாரத்துப் பூமணிக்கு 2014, உருளைக்குடி சோ. தர்மனுக்கு 2019. எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் வந்துபோகிற தூரத்துக்குள் நான்கு பேர். இதில் பூமணியும் தர்மனும் கி.ரா.வும் இந்த மண்ணின் பேச்சை எழுத்தில் கொண்டுவந்ததற்காகவே பேசப்படுகிறவர்கள். கி.ரா. கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்று தனி அகராதியே தொகுத்தார், 1982இல் வந்தது. அவர் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டிப் படிக்கவில்லை, பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்து வருகைதரு பேராசிரியராக உட்கார வைத்தது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முதலில் வருகிற கேள்வி, "நம்ம கோவில்பட்டியா சார்?"

பேச்சுத் தமிழில் எழுதலாம். ஆனால் சில விஷயங்களைக் கவனிக்கச் சொல்வேன். ஆரம்பத்தில், கதை சொல்கிற பகுதியை எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு பாத்திரங்கள் பேசுவதை மட்டும் அவர்கள் பேசுகிற மாதிரி எழுதுவது வசதி. ஒவ்வொரு எழுத்தையும் உச்சரிப்புப்படி உடைத்துப் போட்டால் வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்கும், இரண்டு மூன்று சொல் அந்த ஊர்க்காரராக இருந்தால் மீதி தானாகக் காதில் கேட்டுக்கொள்ளும். இன்னொன்று கொஞ்சம் சங்கடமானது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். படித்த பாத்திரம் நல்ல தமிழ் பேசும், ஏழைப் பாத்திரம் மட்டும் கொச்சையாகப் பேசும் என்று எழுதாதீர்கள். டீச்சரும் வீட்டில் "வாரேன், போறேன்" என்றுதான் பேசுகிறார். யாருடைய பேச்சைக் கேலிக்காக எழுதுகிறோம், யாருடையதைக் காதால் கேட்டு எழுதுகிறோம் என்பது படிக்கிறவருக்குச் சட்டென்று தெரிந்துவிடும், சாதி வாடை அடிக்கிற இடமும் அதுதான்.

உரையாடலில் பிள்ளைகள் செய்கிற பொதுவான காரியம், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வைப்பது. "எங்கே போனாய்?" "நான் கடைக்குப் போனேன் அம்மா." வீட்டில் யாராவது அப்படிப் பேசுகிறோமா?

"எங்கடா போயிட்டு வார?"

"சும்மா."

"சும்மாதான் மணி ஒம்பதாச்சா?"

"பஸ் வரல."

"ஒங்கூடப் படிக்கிற பய ஏழு மணிக்கே வந்து சாப்பிட்டுப் படுத்துட்டான்."

"சோறு இருக்கா இல்லயா?"

போன இடம் எது என்று இதில் கடைசி வரை வரவில்லை. ஆனால் இரண்டு பேரும் எப்படிப்பட்டவர்கள் என்பது வந்துவிட்டது. இதற்கும் ஒரு பயிற்சி உண்டு: டீக்கடையிலோ பஸ்ஸிலோ கேட்ட பேச்சை, அன்றைக்கே, நினைவிருக்கிற வரை அப்படியே எழுதி வருவது. போனில் பதிவு செய்யக் கூடாது. அது மரியாதையும் இல்லை, காதுக்குப் பழக்கமும் வராது.

கதை என்று வரும்போது இன்னொரு தடைப் பட்டியல் வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்புக் கதைகளில் சாவு அதிகம். விபத்து, புற்றுநோய், கிணற்றில் விழுவது. இல்லாவிட்டால் திடுக்கிட்டு எழுந்து பார்த்தால் எல்லாம் கனவு. சினிமாவும் சீரியலும் அப்படிப் பழக்கியிருக்கின்றன, பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. சாவு கூடாது, கனவு கூடாது, போலீஸ் கூடாது, அறிவுரை கூடாது என்றால் "வேற என்ன சார் நடக்கும்?" என்பார்கள். ஒருவருக்கு ஒன்று வேண்டும், அது சுலபமாகக் கிடைக்கவில்லை. அவ்வளவு போதும். வேண்டியது சின்னதாக இருக்க இருக்க நல்லது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு, அக்காவின் பழைய ஜியாமெட்ரி பாக்ஸ், அப்பா ஒரு தடவையாவது பள்ளிக்கூட மீட்டிங்குக்கு வருவது.

ஒரு பெண் எழுதிய கதையை அவள் சம்மதத்தோடு சொல்கிறேன். ஒரு சிறுமி பள்ளியில் டிபன் பாக்ஸ் மூடியைத் தொலைத்துவிடுகிறாள். ஆச்சிக்குச் சீராக வந்த பாத்திரம், மூடியில் ஆச்சி பெயர் வெட்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பதற்குள் தானே டப்பாவைக் கழுவி, ஒரு சின்னத் தட்டால் மூடி, மேல்தட்டில் தள்ளி வைத்துவிடுகிறாள். அன்றைக்கு வழக்கமில்லாமல் எல்லாப் பாத்திரத்தையும் அவளே கழுவுகிறாள். மறுநாள் காலையில் அம்மா அந்த டப்பாவை எடுத்துச் சோறு வைத்து, அதே தட்டைக் கவிழ்த்து, பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டிக் கையில் கொடுக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. கதையின் ஆரம்பத்தில், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசும்போது, "அம்மா பேரு போட்டது இது ஒண்ணுதான் மிச்சம் கெடக்கு" என்று அம்மா போகிற போக்கில் சொல்லியிருப்பாள்.

என்ன ஒரு கதை! ஆனால் நோட்டில் அதற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது: "இதிலிருந்து நாம் அறிவது என்னவென்றால், பெரியோர் தந்த பொருட்களைப் பேணிப் பாதுகாக்க வேண்டும்." அதை எடுத்துவிடலாமே என்றேன். "நீதி இல்லைன்னா கதை முடிஞ்ச மாதிரியே இல்லையே சார்" என்றாள். வாக்குவாதம் அரை மணி நேரம் நடந்தது. கடைசியில் அவள் நோட்டில் அந்தப் பத்தி இருக்கும், வெளியே கொடுக்கிற பிரதியில் இருக்காது என்று ஒப்பந்தம் ஆனது. முதல் பத்திக்கும் இதே வைத்தியம்தான். பெரும்பாலான கதைகளில் முதல் பத்தி முன்னுரை, அதைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள், ஒன்றும் குறையாது.

வாக்கியத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இது எழுதச் சொல்லித் தருகிறவர்கள் அதிகம் பேசாத விஷயம். "காலையில் எழுந்து பல் தேய்த்துக் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன்." ஒரு முழுக் காலைப் பொழுதையும் வினையெச்சங்களாக அடுக்கி ஒரே வாக்கியத்தில் கடந்துவிடத் தமிழ் நமக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது. முக்கியமில்லாததைத் தாண்டிப் போக இதைவிட நல்ல வழி இல்லை. சிக்கல் எங்கே என்றால், பிள்ளைகள் முக்கியமானதையும் இப்படியே தாண்டிவிடுகிறார்கள். "கிணற்றில் எட்டிப் பார்த்துப் பயந்து ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன்." கதையே கிணற்றில்தான் இருக்கிறது, அதை ஓர் எச்சத்தில் விழுங்கிவிட்டு அம்மாவிடம் சொன்னதை முற்றாக்கி நிறுத்தியாயிற்று. "கிணற்றில் எட்டிப் பார்த்தேன்" என்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டால், அடுத்த வாக்கியத்தில் என்ன தெரிந்தது என்று எழுதியே தீர வேண்டும். எச்சத்தில் ஓடு, முற்றில் நில். பெயரெச்சம் வினையெச்சமெல்லாம் இலக்கண வகுப்பில் வெறுத்துப்போன பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்கிற வேகத்தைப் பார்க்க வேண்டும்.

ல, ள, ழ, சந்திப் பிழை எல்லாம்? முதல் பிரதியில் நான் தொடுவதே இல்லை. சிவப்பு மையைக் கண்டால் பிள்ளை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுத ஆரம்பித்துவிடும். ஆனால் கடைசிப் பிரதியில் விடவும் மாட்டேன், படைப்பு என்று பெயர் வைத்துவிட்டால் பிழைக்குச் சலுகை கிடையாது. திருத்துவதற்கு ஒரே வழி சத்தமாகப் படிப்பது. எங்கே நாக்குத் தடுக்குகிறதோ, எங்கே கேட்கிறவர்கள் ஜன்னலைப் பார்க்கிறார்களோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு.

கவிதை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எனக்கு எழுத வராது. வரியை உடைத்து உடைத்துப் போட்டு ஆச்சரியக்குறி வைத்தால் கவிதை என்ற எண்ணத்தை மட்டும் போக்கினால் ஆரம்பத்துக்குப் போதும். எதுகை ஆசை இருக்கிற பிள்ளைகளை வெண்பாப் பக்கம் தள்ளிவிடுங்கள், தளை தட்டாமல் ஒன்று எழுதி முடிக்க ஒரு வாரம் ஓடிவிடும், அவர்களும் சந்தோஷமாக இருப்பார்கள்.

வாசிப்பு இல்லாமல் எதுவும் இல்லை, அதற்குப் பணம் தேவையும் இல்லை. பொது நூலகச் சட்டம் 1948இலேயே இங்கே வந்தது, விடுதலைக்குப் பிறகு நாட்டில் முதலாவது அதுதான். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். கட்டின காசுக்காவது கிளை நூலகத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போய் உறுப்பினர் ஆக்குங்கள். என்ன படிக்க வேண்டும் என்று பட்டியல் கொடுக்காதீர்கள், பிடிக்காததைப் பாதியில் மூடி வைக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். அதுவே பெரிய விடுதலை.

பெற்றோர் கேட்பது ஒன்றே ஒன்று: இதனால் மார்க் கூடுமா? கூடும் என்று பொய் சொல்வதில்லை. தேர்வில் குறிப்புச்சட்டகம் போட்டு, முன்னுரை முடிவுரையோடு, ஆறும் வயலுமாக எழுதிவிட்டு வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு விதமாகவும் எழுதத் தெரிந்திருந்தால் எது எதற்கு என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடுகிறது.

ஆசிரியர்களுக்கு இன்னொன்று. பார்த்ததை எழுது என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் நிஜமாகவே எழுதிவிடுவார்கள். அப்பா குடித்துவிட்டு வந்தது, வட்டிக்காரர் வாசலில் நின்றது, அக்கா அழுதது. அதை வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டி "எவ்வளவு அருமை பாருங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு அது ஊர் முழுக்கப் போகும். எங்கள் நோட்டில் பக்கத்தை மடித்து வைத்திருந்தால் யாரும் படிக்கக் கூடாது, நானும்தான். படிக்கக் கொடுக்கிறவற்றிலும் பெயர், தெரு, தொழில் மாற்றி எழுதச் சொல்கிறேன். மாற்றத் தொடங்கியதும் சில சமயம் அது நிஜமாகவே கதையாகிவிடுகிறது, அம்மா சித்தி ஆகிறாள், சித்தி செய்யாத ஒன்றைச் செய்கிறாள். ஒரு பிள்ளை எழுதியதைப் பார்த்துப் பயமாக இருந்தால், உடனே உதவி தேவைப்படுகிற மாதிரி இருந்தால், அதை எழுத்தாகப் பார்க்காமல் நம்பகமான பெரியவரிடமோ குழந்தைகள் உதவி எண் 1098லோ பேசுங்கள். கதை காத்திருக்கும்.

எழுதியதை என்ன செய்வது? பத்திரிகைக்கு அனுப்பலாம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேன்சிட்டு இருக்கிறது. போட்டிகளுக்கு மட்டும் முதல் வருஷம் அனுப்ப வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், போட்டி நடுவர்களில் பலருக்கு இன்னும் நீதிப் பத்தி தேவைப்படுகிறது. நாங்கள் பழைய முறையில் கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறோம். அவரவர் கதையை அவரவரே நல்ல தாளில் எழுதி, படம் வரையத் தெரிந்தவன் ஓரத்தில் வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் பின் அடித்து ஆளுக்கு ஒன்று. முதல் இதழில் யார் கதை முதலில் வருவது என்று பெரிய சண்டை. அகர வரிசையில் போடலாம் என்று சமாதானம் செய்தேன். கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்ட வகரப் பெயர்க்காரி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை, அடுத்த சனிக்கிழமை ஒரு மனு எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள், உட்தலைப்போடு, அடிக்கோடும் போட்டு. இரண்டாம் இதழ் பின்னாலிருந்து தொடங்குகிறது.